ரெஜானோட பிடிச்ச பதினெட்டுச் சண்டை

"தம்பி என்ன செய்யிறீர்?" எண்டு கேட்டனீங்கள் என்ன? கேளுங்கோ மாஸ்டர், அதில ஒரு பிழையும் இல்லை. இந்த மண்டபத்தில இருக்கிற நானூறு பேரும் மற்ற நானூறு பேரிட்டை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கினம். பெரியபிள்ளையான பெட்டை ஹெலிகொப்டரில வந்து இறங்கும் வரைக்கும் வேற என்னத்தைக் கதைக்கிறது? ஓம், ஹெலிகொப்டர்தான். பகிடி இல்லை. வெளியில கார் விடுற இடத்தில வட்டம் கீறி விட்டிருக்கினம், வரேக்க பாக்கேல்லையே?

என்ர அம்மாவைக் கேட்டியள் எண்டால், "மூத்தவன் கொம்பியூட்டரில" எண்டுவா. அங்க, ஊதாச் சீலை, ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில காவல் நிக்கிற மாதிரி நிக்கிறா பாருங்கோ, அவதான். இருபது வருசமா நான் கொம்பியூட்டரில. மாஸ்டர், எனக்கு ஒரு ஈமெயில் ஒழுங்கா அனுப்பத் தெரியாது.

நான் ஐஸ் ஹொக்கி விளையாடினனான். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. பதினொரு வருசம். பிறகு கோச்.

மூக்கைப் பாக்கிறியள். பாருங்கோ, எல்லாரும் பாக்கிறதுதான். அஞ்சு தரம் உடைஞ்சது. கடைசித் தரம் டொக்டர், "நேராக்கி விடட்டோ, இப்பிடியே விடட்டோ?" எண்டு கேட்டவர். நான் சொன்னன், எப்பிடியும் திரும்ப உடையும், விடுங்கோ எண்டு.

நீங்கள் கொக்குவிலில இருந்து வந்து ரெண்டு கிழமை. உங்களுக்கு அந்த விளையாட்டு விளங்காது, சுருக்கமாச் சொல்லுறன். ஐஸ் தரை. காலில கத்தி பூட்டின சப்பாத்து. கையில மட்டை. பந்து இல்லை, கறுத்த றப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மிச்சப் பேர் கரையில போட்டிருக்கிற நீட்டு வாங்கில குந்தி இருப்பினம், கோச் பேர் சொல்லச் சொல்ல மரத்தடுப்பால பாய்ஞ்சு உள்ள போவினம். இதுக்குள்ள ஒருத்தன் மற்றவனுக்குக் குத்தலாம். உண்மையா! ரெண்டு பேரும் கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு மாறி மாறிக் குத்துவினம், நடுவர் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பார். ஒருத்தன் விழுந்த உடன பிடிச்சுக்கொண்டு போய் ஒரு பெட்டிக்குள்ள அஞ்சு நிமிசம் இருத்துவினம். அவ்வளவுதான் தண்டனை. சனம் எழும்பி நிண்டு கைதட்டும். ஒவ்வொரு ரீமும் இதுக்கெண்டே ஒருத்தனை வைச்சிருந்தது. அந்த ஒருத்தன் நான்.

எப்பிடி ஆனனான் எண்டோ? பேராலதான். கேதீஸ்வரன் எண்டு அப்பா ஆசையா வைச்ச பேர். பதினொரு வயசில இஞ்ச வந்து பள்ளிக்கூடத்தில சேர்ந்தால், அந்த ரீச்சருக்கு வாய்க்குள்ள நுழையேல்லை. கேத்தி எண்டா. கேத்தி எண்டால் வெள்ளைக்காரருக்குப் பொம்பிளைப் பேர் மாஸ்டர்! ஒரு வகுப்பே சிரிச்சது. முதல் குத்து அண்டைக்குக் குத்தினனான். பிறகு தேவாலயத்தில ஆரோ தந்த பழைய ஸ்கேற்றைப் போட்டுக்கொண்டு ஐஸில போய்க் குத்தினன். அங்க குத்தினால் கைதட்டுறாங்கள். நான் விடுவனோ?

பதினொரு வருசத்தில நாலு கோல் அடிச்சனான். அதில ஒண்டு ஆரோ அடிச்சது என்ர முதுகில பட்டுப் போனது. ஆனா கணக்குக் கணக்குத்தானே.

அம்மா ஒரே ஒருக்கால் மாச் பாக்க வந்தவ. அண்டைக்கு ரெண்டு சண்டை. திரும்பி வந்து வீட்டு வாசலில இறங்கேக்கதான் சொன்னா: "சண்டைக்குப் பயந்துதானேடா வீடு வாசலை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச சண்டை பிடிச்சுச் சம்பளம் எடுக்கிறாய்." அடுத்த நாளில இருந்து நான் கொம்பியூட்டரில.

ரோல்ஸ் எடுங்கோ மாஸ்டர். ஆறினால் சரிவராது.

இப்ப ரெஜான். அவன்ர கதைதான் சொல்ல வந்தது. அவன் கியூபெக் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன். எதிர் ரீமுகளில என்ர வேலையைச் செய்தவன். நான் எந்த ஊருக்குப் போனாலும், ஒரு வருசத்தில அவனும் பக்கத்து ஊருக்கு வந்திடுவான். பதினேழு தரம் சண்டை பிடிச்சிருக்கிறம். பதினொண்டு நான் வெண்டனான். அவனைக் கேட்டியள் எண்டால் தான்தான் பதினொண்டு வெண்டது எண்டுவான். அவனுக்குக் கணக்கு வராது, விடுங்கோ.

ஒருத்தன்ர சட்டையை ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க கதைப்பம். "மனிசி எப்பிடி?" எண்டுவான். "மாசமா இருக்கிறா" எண்டுவன். "நல்லது, வாழ்த்துக்கள்" எண்டு சொல்லிப்போட்டு மூஞ்சையில ஒண்டு தருவான். சரியான மரியாதையான மனிசன்.

பிறகு எனக்கு முழங்கால் பழுதாப் போச்சு. விளையாட்டு முடிஞ்சுது. கொஞ்ச வருசம் அங்க இஞ்ச உதவிக் கோச்சா நிண்டன். பேந்து வடக்கில, ஏழு மணித்தியாலம் கார் ஓடவேணும், ஒரு சுரங்கப் பட்டணம். அங்க ஒரு மெத்தைக்கடை முதலாளி, டக் எண்டு பேர், சொந்தமா ஒரு ரீம் வைச்சிருந்தவன். பீவர்ஸ் எண்டு பேர். பீவர் எண்டால் மரம் கொறிக்கிற ஒரு பெரிய எலி. அந்த எலிகளுக்கு நான் தலைமைக் கோச். சும்மா சொல்லக்கூடாது மாஸ்டர், என்னட்டை மூளை இருந்தது. தந்திரம் எல்லாம் கொப்பியில கீறி வைச்சிருந்தனான். பெடியளுக்கு அது விளங்காது, அதுதான் பிரச்சினை. முதல் வருசம் ஆறாவதா வந்தனாங்கள்.

எத்தினை ரீமோ? ஏழு.

ரெண்டாவது வருசம் டக் வந்து சொல்லுறான், "கேத்தி, சனம் வருகுதில்லை. சண்டைக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கிறன்." கதவைத் திறந்தால் ரெஜான் நிக்கிறான். முப்பத்தொன்பது வயசு. தாடி நரைச்சுப் போச்சு. என்னைக் கண்ட உடன, "பதினொண்டு" எண்டான். நான், "ஆறு" எண்டன். கட்டிப்பிடிச்சம். அவ்வளவுதான் வரவேற்பு.

ஒரு மாதத்தில எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. வாங்கில எப்பவும் இடப்பக்க நுனியிலதான் இருப்பான், எல்லாரும் தனக்கு வலப்பக்கத்தில இருக்கிற மாதிரி. இடப்பக்கத்தால ஒருத்தன் கோப்பி நீட்டினால் வாங்கமாட்டான். அவன் மரியாதை இல்லாமல் நிக்கிறான் எண்டு பெடியள் நினைச்சாங்கள். நான் நினைக்கேல்லை. நான் பதினேழு தரம் அவன்ர முகத்தை ஒரு அடி தூரத்தில வைச்சுப் பாத்தவன் மாஸ்டர், அவன்ர மனிசிகூட அப்பிடிப் பாத்திருக்கமாட்டா. ஒரு நாள் உடுப்பு மாத்திற அறையில ஒருத்தரும் இல்லை. மட்டைக்குச் சுத்துற ரேப் உருளையை எடுத்து இடப்பக்கத்தால மெல்லமா எறிஞ்சன். மண்டையில டொக் எண்டு பட்டுது. கண்கூட வெட்டேல்லை.

அவன் திரும்பேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டே கேட்டான், "டக்குக்குச் சொல்லப் போறியோ?"

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருசம். முதல் மங்கலா இருந்தது, இப்ப அதுவும் இல்லை."

"டொக்டரிட்டைப் போனனியோ?"

"போனால் அவன் விளையாடாதை எண்டுவான். பிறகேன் போறது?"

"எடேய், மற்றக் கண்ணிலயும் ஒண்டு பட்டால்?"

"ஏழு மாச்தான் கிடக்கு கேத்தி. முடிச்சிட்டுப் போறன். எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"என்ர அம்மாவிட்டைச் சொல்லி உன்னையும் கொம்பியூட்டரில சேர்த்து விடுறன்" எண்டன். சிரிச்சான். நான் டக்குக்குச் சொல்லேல்லை. அது என்ர வேலை இல்லை. மற்றவன்ர கண்ணுக்கு நான் ஏன் கவலைப்படவேணும்?

ஆனா எவ்வளவு விசரன் பாருங்கோ. ஒரு மனிசன் தன்ர உடம்பில ஒண்டு பழுதாப்போனால் ரெண்டு வருசமா மறைச்சுக்கொண்டு திரிவானோ? மாஸ்டர், நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து இருங்கோ. இந்தக் காது கொஞ்சம் அடைப்பு. ஒண்டுமில்லை, குளிக்கேக்க தண்ணி போனது. எட்டு ஒன்பது வருசம் இருக்கும். அது தானா வெளிக்கிடும்.

எங்க விட்டனான்? ஓம், ஏழு மாச். நாலு மாச் நான் அவனைச் சண்டைக்கு விடேல்லை. ஒண்டில கால் நோ எண்டன். ஒண்டில சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டன். தந்திரம் எண்டும் சொன்னன். டக்குக்கு முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பேந்து அந்தக் குடும்ப ஞாயிறு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளையளுக்கு இலவசம், பலூன், எலி வேசம் போட்டவனோட நிண்டு படம் எடுக்கலாம். அதுக்கு டக் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினான். நோட்டீஸில ஆற்ற படம்? ரெஜான்ர படம். பக்கத்தில எதிர் ரீமின்ர சண்டைக்காரன். இருபத்திரண்டு வயசு, ஆறடி ஐஞ்சு அங்குலம், கழுத்தே இல்லை, தோளில இருந்து நேர தலை. குடும்பமா வந்து பாருங்கோ எண்டு எழுதியிருக்கு!

அந்தப் பெடியன் வலக்கைக்காரன். வலக்கையால குத்தினால் எங்க வரும்? எதிரில நிக்கிறவன்ர இடப்பக்கம். விளங்குதோ? ரெஜானுக்கு அது வாறது தெரியவே தெரியாது.

முதல் இருபது நிமிசம் முடிஞ்சுது, நான் ரெஜான்ர பேரைச் சொல்லேல்லை. ரெண்டாவது இருபது நிமிசத்தில சனம் கத்தத் தொடங்கீற்றுது. "ரெஜான், ரெஜான்" எண்டு சின்னப் பிள்ளையளும் கத்துதுகள். டக் மேல இருந்து இறங்கி எனக்குப் பின்னால வந்திட்டான்.

"அவனை இறக்கு கேத்தி."

"தந்திரம் டக், கொஞ்சம் பொறு."

"உன்ர தந்திரத்தைக் கொண்டுபோய் மெத்தைக்குக் கீழ வை. இறக்கு!"

எதிர் ரீமின்ர கோச், கோர்டி எண்டு ஒரு கிழட்டு நரி, அங்கால இருந்து கத்துறான்: "ஏய் கேத்தி, உன்ர கிழவனுக்குப் பயமோ, உனக்குப் பயமோ?"

நான் அசையேல்லை. சத்தியமா அசையேல்லை. அசைஞ்சது ரெஜான். பேர் சொல்லாமலே எழும்பி, தடுப்பால பாய்ஞ்சு உள்ள போயிட்டான். அந்த மலை ஏற்கெனவே கையுறையைக் கழட்டீற்றுது. ரெஜானும் கழட்டினான். தலையை ஒரு பக்கமாச் சரிச்சுக்கொண்டு போறான், நல்ல கண் முன்னுக்கு வாற மாதிரி. கோழி பாக்குமெல்லோ, அப்பிடி.

பேந்து நான் ஐஸுக்கு மேல நிக்கிறன்.

எப்பிடிப் போனன் எண்டு கேக்காதேங்கோ. கோச் ஐஸில கால் வைக்கக்கூடாது, அது பெரிய குற்றம். தம்பியின்ர கலியாணத்துக்குத் தைச்ச கோட் சூட், காலில தோல் சப்பாத்து. ஒண்டு சொல்லிப்போடுறன் மாஸ்டர், நான் ரெஜானுக்காகப் போகேல்லை. அந்தக் கோர்டி எனக்குப் பயமோ எண்டு கேட்டவன், அதுக்குத்தான் போனனான். அவன் நிண்டது எதிர்ப்பக்கம் எண்டு சொல்லுவினம். ஐஸில திசை தெரியாது.

ரெண்டு அடி ஓடினன், மூண்டாவது அடி இல்லை. குண்டி அடிபட விழுந்து, விழுந்த வேகத்தில நேர சறுக்கிக்கொண்டு போய், அந்த மலையின்ர ரெண்டு காலையும் தட்டி விழுத்தினன். அவன் எனக்கு மேல. நடுவர் அவனுக்கு மேல. எலி வேசம் போட்டவன் என்னத்துக்கு ஓடி வந்தவனோ தெரியாது, அவனும் விழுந்தான். நான் கீழ இருந்து அடிச்சன் மாஸ்டர், நல்ல அடி. வீடியோவில பாத்தியள் எண்டால் நான் அவன்ர காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கிற மாதிரித்தான் தெரியும். அது கமரா வைச்ச கோணம்.

அந்த வீடியோவை உலகம் முழுக்கப் பாத்தது. அம்மாவுக்கு அவுஸ்திரேலியாவில இருந்து மாமி அனுப்பினவ. அம்மா போன் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "அந்தச் சூட்டையோ போட்டுக்கொண்டு போனனி?"

என்னை வெளியால கலைச்சாங்கள். உடுப்பு மாத்திற அறையில தனிய இருக்கிறன், முழங்காலில ஐஸ் வைச்சுக்கொண்டு. கதவை உதைஞ்சுகொண்டு ரெஜான் வந்தான். அவனைக் கண்ட உடன, எனக்கு நன்றி சொல்லப் போறான் எண்டுதான் நினைச்சன்.

"ஆர் உன்னைக் கேட்டது?" எண்டான். "ஆரடா உன்னைக் கேட்டது? முழு ஊரும் சிரிக்குது. அது என்ர வேலை! நீ என்ர அம்மாவோ?"

நான் எழும்பி நிண்டன். அவன் கையை ஓங்கினான். அந்தக் குத்து எனக்குத் தெரியும் மாஸ்டர், பதினேழு தரம் வாங்கினது, அது எங்க வரும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். நான் விலத்தேல்லை. வாங்குவம் எண்டு நிண்டன். இரும்பு அலுமாரியில போய்ப் பட்டுது. டமார் எண்டு ஒரு சத்தம்.

நான் நிண்ட இடத்திலதான் நிண்டனான். ஒரு அங்குலம் அசையேல்லை.

அவன் கையைப் பாத்தான், அலுமாரியைப் பாத்தான், என்னைப் பாத்தான். பேந்து என்ர முழங்காலுக்கு வைச்சிருந்த ஐஸ் பையை எடுத்துத் தன்ர கையில வைச்சுக்கொண்டு வாங்கில இருந்தான். பிறகு கேட்டான்:

"எவ்வளவு தூரம்?"

"ஒரு சாண்."

"பொய் சொல்லாதை."

"ஒரு முழம்."

அழுதான் மாஸ்டர். அவ்வளவு பெரிய உடம்பு. நான் அவனைப் பாக்காமல் அலுமாரியின்ர நெளிவைப் பாத்துக்கொண்டு நிண்டன். அதை நான் பதினெட்டாவது எண்டுதான் கணக்கு வைச்சிருக்கிறன். வெண்டது நான். பன்னிரண்டு.

அடுத்த நாள் நான்தான் அவனைக் கண் டொக்டரிட்டைக் கொண்டுபோனது. இடக்கண் முடிஞ்சுது, ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிப்போட்டார். மற்றக் கண்ணும் அவ்வளவு உறுதி இல்லையாம், ஒரு குத்துத் தாங்காதாம். ரெஜான் மட்டையைக் கீழ வைச்சான்.

எனக்கு விசாரணை. ஒரு ஹோட்டல் அறையில மூண்டு பேர் கேக் தின்றுகொண்டு இருந்து, "செய்ததுக்கு வருத்தப்படுறீரோ?" எண்டு கேட்டாங்கள். சப்பாத்துக்கு மாத்திரம் வருத்தப்படுறன் எண்டன். அந்த லீக்கில இனிச் சாகும் வரைக்கும் நான் வாங்குக்குப் பின்னால நிக்கக்கூடாது எண்டு தீர்ப்பு.

சரி, அதையும் விடுங்கோ. எனக்கு நோ அதில்லை. ஆனியில ஒரு நாள் ரெஜான் போன் எடுக்கிறான். "கேத்தி, டக் என்னைக் கோச்சா வரச் சொல்லிக் கேட்டவன். நான் ஓம் எண்டிட்டன்."

என்ர இடம், மாஸ்டர்! என்ர வாங்கு! என்ர கொப்பியைக்கூட அங்கதான் விட்டிட்டு வந்தனான். நான் போனை வைச்சிட்டன். ஏழு மாதம் அவனோட கதைக்கேல்லை. இஞ்ச வந்து எயார்போட் ராக்சி ஓடத் தொடங்கினன். தை பிறக்கேக்க அவன்ர ரீம் ரெண்டாவது இடத்தில நிக்குது. நான் கீறின ஒரு தந்திரமும் அவன் பாவிக்கேல்லையாம், பெடியள் சொன்னாங்கள். கொப்பி கதவுக்கு அணை வைக்கக் கிடக்குதாம். ஆனாலும் ரெண்டாவது இடம் ஆற்ற அத்திவாரம்? சொல்லுங்கோ பாப்பம்.

ஒரு ஞாயிறு போனன். அவன் கெட்டுப்போறதைக் கண்ணால பாக்கவேணும் எண்டுதான் ஏழு மணித்தியாலம் ஓடினன். வாங்குக்குப் பின்னால நிக்கத்தானே தடை, ரிக்கெற் எடுத்து இருக்கத் தடை இல்லை. வாங்குக்கு நேர பின் வரிசை, இடப்பக்க நுனி. அவனுக்கும் எனக்கும் நடுவில ஒரு கதிரை தூரம். அவன் என்னைக் காணேல்லை. அந்தப் பக்கம் இருந்தால் ஆரைத்தான் காணுவான்?

பத்து நிமிசத்தில எனக்கு விளங்கீற்றுது. எல்லாம் வடிவாச் செய்யிறான், ஆனா இடப்பக்கத்தில நடக்கிறது அவனுக்குப் பிந்தித்தான் தெரியுது. தலையை முழுக்கத் திருப்பிப் பாக்கிறதுக்குள்ள வட்டு போயிட்டுது. பாத்துக்கொண்டிருக்க எனக்குச் சரியான சந்தோசமா இருந்தது. அவன்ர பெடியள் ஒரு கோல் வாங்கினாங்கள். ரெண்டு கோல் வாங்கினாங்கள். மூண்டாவதுக்கு எதிர் ரீம் ஆள் இடக்கரையில தனிய வாறான், ஒருத்தரும் பாக்கேல்லை.

"இடக்கரை!" எண்டு கத்தினன். வாய் தன்ர பாட்டில கத்தினது.

ரெஜான் திரும்பேல்லை. அப்பிடியே அந்தச் சொல்லை எடுத்துப் பெடியளுக்குக் கத்தினான். பெடியள் போய் மறிச்சாங்கள். அவன் ஐஸைப் பாத்துக்கொண்டு நிண்டான். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது. பேந்து, முகத்தைத் திருப்பாமலே, கேட்டான்:

"இப்ப ஆர் நிக்கிறான்?"

ஏழு மாதக் கோவம் மாஸ்டர், ஒரு கேள்வியில போகுமோ? ரெண்டாம் தரமும் கேட்கட்டும் எண்டு இருந்தன். கேட்டான்.

"கேத்தி, ஆரடா நிக்கிறான்?"

"எட்டாம் நம்பர்" எண்டன். "தனிய நிக்கிறான். உன்ர பெடியனை இன்னும் கொஞ்சம் அங்கால போகச் சொல்லு."

சொன்னான். சொல்லிப்போட்டு எனக்கு நன்றி எண்டு தலையை ஆட்டினான். நான் இருக்கிறது இஞ்சால, விசரன், அங்கால பாத்து ஆட்டுறான். அங்க ஆரோ ஒரு கிழவி இருந்தவ, பாவம், அவவும் திருப்பி ஆட்டினவ.